யாரைக் கேட்டு இந்தக் காவல்?

அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் நம் குடியிருப்பின் பாதுகாப்பு ஏற்பாடுகள் பற்றிப் பேசவிருக்கிறோம். கூடுதல் சிசிடிவி கேமராக்கள், இரவு நேர செக்யூரிட்டி எண்ணிக்கை, வீட்டு வேலைக்கு வருபவர்களுக்குக் கைரேகைப் பதிவு, டெலிவரிக்கு வருபவர்களை எதுவரை அனுமதிப்பது என்று நான்கு விஷயங்கள் நிகழ்ச்சி நிரலில் உள்ளன. வாட்ஸ்அப் குழுவில் விவாதம் இப்போதே சூடு பிடித்துவிட்டது. "இதற்கெல்லாம் எதற்கு எல்லோரையும் கேட்க வேண்டும்? கமிட்டியே முடிவெடுத்துவிடலாமே" என்று சிலர் கேட்கிறார்கள். வேலை குறைய வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் கேட்கிறார்கள் என்பதும் தெரிகிறது.

ஊரைக் காப்பது யார், அதற்கு யாரைக் கேட்பது என்ற கேள்வி நம் மண்ணில் பல நூறு ஆண்டுகளாக இருந்துவருகிறது. அந்தப் பழைய கதையைத் தெரிந்துகொண்டு கூட்டத்துக்கு வந்தால் விவாதம் கொஞ்சம் பயனுள்ளதாக இருக்கும் என்ற நம்பிக்கையில் இந்தக் கட்டுரை.

ஊரார் கூடி ஒப்படைத்த காவல்

சோழர் காலக் கல்வெட்டுகளில் வரிகளின் பட்டியலைப் பார்த்தால் 'பாடிகாவல்' என்ற சொல் அடிக்கடி வரும். ஊரையும் பயிரையும் காப்பதற்காக ஊரார் செலுத்திய தொகை அது. நம் மாதப் பராமரிப்புக் கட்டணத்தில் செக்யூரிட்டிக்கு என்று ஒரு பங்கு போகிறதே, அதன் முப்பாட்டன் என்று வைத்துக்கொள்ளலாம்.

பிற்காலத்தில், குறிப்பாக 14, 15ஆம் நூற்றாண்டுகளில், பெரிய அரசுகளின் பிடி தளர்ந்த வேளையில் புதுக்கோட்டை வட்டாரத்து ஊர்கள் பலவும் தங்கள் பாதுகாப்பைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ஊரார் கூடிப் பேசினார்கள். படைபலம் உள்ள ஒரு தலைவரிடம் பாடிகாவல் உரிமையை ஒப்படைத்தார்கள். அதற்கு ஈடாக அவருக்கு நிலமோ, விளைச்சலில் பங்கோ கொடுப்பதாக ஒப்புக்கொண்டு அதைக் கல்லில் வெட்டியும் வைத்தார்கள். இன்று நாம் செக்யூரிட்டி நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடுகிறோம். அவர்கள் கோயில் சுவரில் போட்டார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கல்வெட்டில் 'ஊரார்' என்று வருவது அந்த ஊரில் வாழ்ந்த எல்லோரையும் குறிக்காது. பெரும்பாலும் நிலம் வைத்திருந்தவர்களைத்தான் குறிக்கும். வயலில் இறங்கி உழைத்தவர்களை அந்தக் கூட்டத்துக்கு யாரும் அழைத்ததாகத் தெரியவில்லை.

களவு போனால் காவலர் பொறுப்பு

கிராமக் காவலுக்கு 'ஸ்தலம் காவல்' என்றும், பாளையக்காரர்கள் ஒரு வட்டாரம் முழுவதற்கும் ஏற்ற காவலுக்கு 'தேச காவல்' என்றும் பின்னாளில் பெயர்கள் வழங்கின. இந்த முறையின் அச்சாணி ஒரு எளிய விதி: களவு போன பொருளைக் காவல்காரர் கண்டுபிடித்துத் தர வேண்டும், முடியாவிட்டால் அதன் மதிப்பை அவரே ஈடுகட்ட வேண்டும்.

சென்னையிலும் இதே விதிதான் இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி கோட்டை கட்டிக் குடியேறிய காலத்திலிருந்தே, நகரின் காவல் 'பெத்த நாயக்' என்ற பரம்பரைத் தலைமைக் காவலரிடம் இருந்தது. அவர் கீழ் சேவகர்கள் இருந்தார்கள். ஊதியமாக வரியில்லா நெல் வயல்களும், ஊருக்குள் வரும் சில சரக்குகளின் மீது சிறு தீர்வையும் கிடைத்தன. திருட்டுப் போனால் ஈடு கொடுக்கும் கடமையும் அவருக்கு இருந்தது. சவுகார்பேட்டைப் பக்கம் போகிறவர்கள் பார்க்கும் பெத்தநாயக்கன்பேட்டை என்ற பெயர் அந்தப் பதவியின் நினைவாகத்தான் இன்றும் நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்பெனி அந்தப் பதவியை ஒழித்துத் தன் சொந்தப் போலீஸ் நிர்வாகத்தைக் கொண்டுவந்தது.

பழைய முறையைப் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. 'துப்புக்கூலி' என்று ஒரு சொல் மதுரைப் பக்கம் புழங்கியது. காணாமல் போன மாடு எங்கே இருக்கிறது என்று துப்புச் சொல்வதற்குக் கொடுக்கும் கூலி. காவல் கட்டணம் கொடுக்க மறுத்த வீட்டில்தான் மாடு காணாமல் போகும் என்பது பலரின் அனுபவமாக இருந்தது. காப்பவரைக் கேள்வி கேட்க வழி இல்லாத இடத்தில் காவலே சுமையாகிவிடும் என்பதற்கு அது ஓர் உதாரணம்.

1,959 புகார்கள்

பாளையக்காரர்களை வீழ்த்திய பிறகு, காவல் உரிமைகளைக் கம்பெனி தன் கைக்கு எடுத்துக்கொண்டது. 1816ஆம் ஆண்டின் சட்ட விதிகளின்படி கிராமத் தலைவர், தாசில்தார், கலெக்டர் என்ற ஒரே ஏணியில் போலீஸ் வேலையும் ஏறி உட்கார்ந்தது. வரி வசூலிப்பவரும் அவரே, திருடனைப் பிடிப்பவரும் அவரே. இந்த ஏற்பாடு பற்றி மக்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

விளைவு கொடுமையாக இருந்தது. வரி பாக்கி வைத்தவரையும், சந்தேகத்தின் பேரில் பிடித்தவரையும் ஒரே மாதிரி வதைத்தார்கள். விரல்களை மரத்துண்டுகளுக்கு இடையே வைத்து நெரிப்பதற்குக் 'கிட்டி' என்று பெயர். உடலை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்துவதற்கு 'அண்ணாந்தாள்' என்று பெயர். கொடுமைகளுக்குத் தனித்தனிப் பெயர் வைக்கும் அளவுக்கு அது வழக்கமாகிவிட்டிருந்தது.

இதை வெளியே கொண்டுவந்தது ஒரு குடிமக்கள் சங்கம். சென்னை வணிகர் காஜுலு லட்சுமிநரசு செட்டி 1852இல் சென்னை மக்கள் சங்கத்தைத் தொடங்கி, இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். அடுத்த ஆண்டு டான்பி சீமோர் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் இங்கே வந்தபோது, லட்சுமிநரசு செட்டி அவரை மாவட்டங்களுக்கு அழைத்துப்போய் நிலைமையை நேரில் காட்டினார். 1854இல் சீமோர் அதை நாடாளுமன்றத்தில் எழுப்பினார். அங்கே எழுந்த விவாதத்தின் விளைவாகச் சென்னை அரசு எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட விசாரணைக் குழுவை அமைத்தது.

அந்தக் குழு பாதிக்கப்பட்டவர்கள் முறையிடலாம் என்று மாகாணம் முழுவதும் அறிவித்தது. ரயில் இல்லாத காலம். எழுதத் தெரிந்தவர்களும் மிகக் குறைவு. புகார் சொல்ல வேண்டியதும் தங்கள் ஊர் அதிகாரிகளைப் பற்றித்தான். அப்படியிருந்தும் 1,959 புகார்கள் வந்து சேர்ந்தன. நூற்றுக்கணக்கான மைல் நடந்தே வந்து முறையிட்டவர்களும் உண்டு. 1855இல் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. வரி வசூலிலும் போலீஸ் விசாரணையிலும் வதை நடப்பது உண்மையே என்று அதில் சொல்லியிருந்தது.

அதன் பலனாக 1859இல் சென்னை மாகாணப் போலீஸ் சட்டம் வந்தது. போலீஸ் துறை வருவாய்த் துறையிலிருந்து பிரிக்கப்பட்டது. வில்லியம் ராபின்சன் முதல் இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆனார். 1861இல் நாடு முழுவதற்குமாக வந்த போலீஸ் சட்டமும் ஏறக்குறைய இதே வடிவத்தைத்தான் எடுத்துக்கொண்டது. இன்று நாம் காணும் போலீஸ் துறை உருவானதில் அந்த 1,959 பேரின் குரலுக்கும் பங்கு இருக்கிறது.

ஆனால் கேட்டது ஒரே ஒரு முறைதான். புதிய சட்டத்தில், மக்களிடம் தொடர்ந்து கருத்துக் கேட்பதற்கு எந்த ஏற்பாடும் இல்லை. வதையும் அத்தோடு நின்றுவிடவில்லை.

ஊர்ப் பொதுப்பணத்தில் ஒரு காவல் இயக்கம்

1896இல் திண்டுக்கல் வட்டாரத்தில் நடந்ததைக் குடியிருப்புச் சங்கங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே காவல் உரிமை பெரும்பாலும் கள்ளர் சமூகத்தாரிடம் இருந்தது. காவல் கட்டணமும் மாட்டுத் திருட்டும் தாங்க முடியாமல் போய்விட்டதாகச் சொல்லி, விவசாயிகள் ஊர் ஊராக ஒன்று திரண்டார்கள். ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பொது நிதி சேர்த்தார்கள். 'ஃபண்ட்' என்ற ஆங்கிலச் சொல்லையே அதற்குப் பெயராக வைத்தார்கள். மாடு திருட்டுப் போனவருக்கு அந்த நிதியிலிருந்து ஈடு கொடுத்தார்கள். ஆபத்து என்றால் ஊதுவதற்குக் கொம்புகள் வைத்துக்கொண்டார்கள். கொம்புச் சத்தம் கேட்டால் எல்லோரும் ஓடிவர வேண்டும் என்று விதி வகுத்தார்கள்.

இதுவரை கேட்டால் நம் சங்கத்தின் வேலைத் திட்டம் போலவே இருக்கிறது. பொது நிதி, எச்சரிக்கை ஒலி, கூட்டுப் பொறுப்பு எல்லாம் இருக்கின்றன. கூட்டமும் போட்டுத்தான் முடிவெடுத்தார்கள். ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒரு தரப்பு மட்டுமே இருந்தது. யாரைப் பற்றிப் பேசினார்களோ அவர்களுக்கு அங்கே இடமில்லை. எந்தக் காவல்காரர் தவறு செய்தார், எவர் ஒழுங்காக வேலை பார்த்தார் என்று பிரித்துப் பார்க்கும் பொறுமை சில மாதங்களிலேயே போய்விட்டது. பழைய காவலை நிறுத்தத் தொடங்கிய இயக்கம், பல ஊர்களில் கள்ளர் குடும்பங்களையே ஊரைவிட்டு வெளியேறச் சொல்லும் இயக்கமாக மாறியது. வீடுகள் கொளுத்தப்பட்டன. மோதல்கள் வெடித்தன. திருட்டைத் தடுக்கச் சேர்ந்த கூட்டமே குற்றம் செய்த கூட்டமாகிவிட்டது.

ரேகைச் சட்டம்

ஒரு சமூகத்தையே சந்தேகிக்கும் அந்தப் பார்வைக்கு அரசே சட்ட வடிவம் கொடுத்திருந்தது. 1871இல் வட இந்தியாவில் முதலில் கொண்டுவரப்பட்ட குற்றப் பழங்குடிகள் சட்டம், 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சமூகத்தைப் பட்டியலில் சேர்த்துவிட்டால், அதில் பிறந்தவர்கள் பெயரையும் கைரேகையையும் பதிவு செய்யலாம். குறித்த நேரத்தில் ஆஜராகச் சொல்லலாம். ஊரைவிட்டு ஊர் போகத் தடை விதிக்கலாம். பல ஊர்களில் ஆண்கள் இரவில் தங்கள் வீட்டில் படுக்கக்கூட முடியவில்லை. காவல் நிலையத்தின் கண்காணிப்பில் படுக்க வேண்டியிருந்தது. மக்கள் இதை 'ரேகைச் சட்டம்' என்று அழைத்தார்கள்.

பட்டியலில் சேர்ப்பதற்கு முன் அந்த மக்களைக் கேட்க வேண்டும் என்று அரசுக்குத் தோன்றவில்லை. பிறமலைக் கள்ளர்கள் மனுப் போட்டுப் பார்த்தார்கள், பலனில்லை. 1920 ஏப்ரல் 3ஆம் தேதி உசிலம்பட்டி பக்கம் உள்ள பெருங்காமநல்லூரில் கைரேகைப் பதிவுக்குப் போலீஸ் வந்தபோது மக்கள் மறுத்து நின்றார்கள். போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் உயிரிழந்தார்கள். மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் அந்த மக்களுக்காக வாதாடினார். அவரை அவர்கள் அன்போடு 'ரோசாப்பூ துரை' என்று அழைத்தார்கள்.

இந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31 அன்றும் ரத்தாயிற்று. முக்கால் நூற்றாண்டு ஆகிறது. ஆனால் அந்தப் பழைய பட்டியலில் இருந்த சமூகங்கள் மேல் சந்தேகப் பார்வை இன்னும் முழுதாக விலகவில்லை.

நம் காலத்துக் கதை

1993இல் ராமநாதபுரம் மாவட்டத்தில், அங்கே காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப் 'ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். பொதுமக்களில் தன்னார்வலர்கள் போலீசுக்கு உதவுவது, தகவல் பரிமாறுவது, இரு தரப்புக்கும் இடையே உள்ள பயத்தைக் குறைப்பது என்பது நோக்கம். பின்னர் அது மாநிலம் முழுவதும் பரவியது. 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் வதைக்கப்பட்டு இறந்தபோது, தன்னார்வலர்கள் சிலருக்கும் அதில் தொடர்பு என்ற புகார் எழுந்தது. அமைப்பினர் அதை மறுத்தார்கள். ஆனாலும் தமிழக அரசு அந்த ஆண்டு ஜூலையில் அமைப்புக்குத் தடை விதித்தது. தன்னார்வலரின் வேலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது ஊருக்கே தெரிந்திருக்க வேண்டும் என்பதை அந்தச் சர்ச்சை எல்லோருக்கும் உணர்த்தியது.

மறுபக்கம், நகரங்களில் மக்களைக் கேட்பதற்கு ஒரு சட்டபூர்வ வழியும் இப்போது திறந்திருக்கிறது. கிராமங்களுக்குக் கிராம சபை இருப்பது போல, மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளுக்கு வார்டு குழுவும் பகுதி சபையும் உண்டு. 2022 நவம்பர் 1 அன்று, உள்ளாட்சி தினத்தில், பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார். எரியாத தெருவிளக்கு, புதர் மண்டிய காலி மனை, இருட்டான பஸ் நிறுத்தம் ஆகியவை நம் காம்பவுண்டுக்கு வெளியே இருந்தாலும் நம் பாதுகாப்பைப் பாதிப்பவை. அவற்றைச் சொல்ல வேண்டிய இடம் பகுதி சபை.

நம் கூட்டத்துக்கு வருவோம்

இந்த வரலாற்றிலிருந்து நம் பொதுக்குழுவுக்கு மூன்று விஷயங்களை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

முதலாவது, யாரைக் கேட்கிறோம் என்பது. நம் சங்கத்தில் ஓட்டு வீட்டு உரிமையாளர்களுக்கு. பழைய கல்வெட்டு 'ஊரார்' போலத்தான். வாடகைக்கு இருப்பவர்களை, இரவு லேட்டாக வேலை முடிந்து வரும் பெண்களை, தனியாக வசிக்கும் முதியவர்களை, மாலையில் கீழே விளையாடும் பிள்ளைகளைக் கேட்டால்தான் எந்தப் படிக்கட்டில் விளக்கில்லை, பார்க்கிங்கில் எந்த மூலை பயமாக இருக்கிறது என்பது தெரியும். வாயிலில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் செக்யூரிட்டி அண்ணன்களையும் ஐந்து நிமிடம் உட்கார வைத்துக் கேட்போம். பின்பக்கச் சுவரின் உயரம் பற்றி நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டாவது, கைரேகைப் பதிவு. வீட்டு வேலைக்கு வரும் அக்காக்களுக்கும் டிரைவர்களுக்கும் அடையாள அட்டை கொடுப்பது, யார் எப்போது வந்தார்கள் என்று குறித்துக்கொள்வது இதெல்லாம் தவறில்லை. 1911 சட்டத்தையும் இதையும் ஒரே தராசில் வைப்பதும் நியாயமில்லை. ஆனால் இரண்டிலும் பொதுவாக ஒரு ஆபத்து இருக்கிறது. தவறு நடப்பதற்கு முன்பே ஒரு கூட்டத்தாரைச் சந்தேகத்துக்கு உரியவர்களாகத் தனியே நிறுத்துவது. கைரேகை தேவைதான் என்றால், அதை யார் வைத்திருப்பார்கள், வேலையை விட்டுப் போனால் அழிப்பார்களா, அது இல்லாமல் அட்டை மட்டும் போதாதா என்ற கேள்விகளுக்கு முதலில் பதில் வேண்டும். அந்தப் பதிலை அவர்கள் முன்னிலையிலேயே சொல்ல வேண்டும். போகும்போது பையைத் திறந்து காட்டச் சொல்லும் யோசனையும் குழுவில் வந்தது. அந்த விதி நமக்கும் உண்டா என்று யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வோம் என்று யோசித்துவிட்டு முடிவெடுப்போம்.

மூன்றாவது, பொறுப்பு. பெத்த நாயக் காலத்தில் களவு போனால் யார் ஈடு கொடுப்பது என்பது எல்லோருக்கும் தெரியும். நம் செக்யூரிட்டி ஒப்பந்தத்தில் அந்தப் பத்தியில் என்ன எழுதியிருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? திருட்டுப் போனால் நிறுவனத்தின் பொறுப்பு என்ன, கேமராப் பதிவை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருப்போம், புகார் வந்தால் எத்தனை நாளில் பதில் என்பதை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் பாதிச் சச்சரவு தீர்ந்துவிடும். 1855 அறிக்கை அச்சாகி வெளியே வந்ததால்தான் 1859இல் சட்டம் வந்தது. கேட்டுவிட்டு எழுதாமல் விட்டால் கேட்டதற்குப் பலனில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கருத்துக் கேட்பது ஒரு முறை செய்து முடிக்கிற வேலை இல்லை. ஒவ்வொரு காலாண்டிலும் இந்தச் செய்திமடல் வரும்போது பாதுகாப்புக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கலாம். என்ன புகார்கள் வந்தன, எதைச் சரிசெய்தோம், எதைச் செய்ய முடியவில்லை, ஏன் முடியவில்லை என்று நான்கு வரி எழுதினால் போதும்.

கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் தங்கள் கருத்தை ஒரு தாளில் எழுதி அந்தந்த பிளாக் பிரதிநிதியிடம் கொடுத்துவிடுங்கள். உங்கள் வீட்டில் வேலை செய்பவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டு, அவர்கள் சொல்வதையும் அதிலேயே சேர்த்து எழுதுங்கள். பெயர் போட விருப்பமில்லாவிட்டால் போட வேண்டாம். வந்த தாள்கள் எல்லாவற்றையும் கூட்டத்தில் வாசித்துவிட்டுத்தான் ஓட்டெடுப்புக்குப் போக வேண்டும் என்பது என் வேண்டுகோள்.